தடைக்குறி மட்டும் போதுமா?

திருப்பாலைவனத்து வாசகரே, உங்கள் கைவிளக்கிலுள்ள நிக்கல்-காட்மியம் மின்கலத்தைப் பாருங்கள். பெரும்பாலும் குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டிப் படம் இருக்கும். 'எறியாதீர்' என்பது பொருள். எங்கே கொடுப்பதென்று அது சொல்வதில்லை.

காட்மியம் 767 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகும். நிக்கலோ 1455 பாகையில்தான் உருகும். ஆகவே உலையில் இரண்டையும் பிரித்து மீண்டும் பயன்படுத்தலாம். குப்பையில் எறிந்தால், மழைநீரோடு காட்மியம் பழவேற்காடு ஏரிக்கும் மீனுக்கும் போய்ச் சேரக்கூடும். ஜப்பானின் ஜின்சு ஆற்றோர மக்களின் எலும்புகளை நொறுக்கிய 'இத்தாய்-இத்தாய்' நோய்க்குக் காட்மியமே காரணமென 1968-இல் அந்நாட்டு அரசு அறிவித்தது.

நம் நாட்டின் 2001 விதிகள் ஈய-அமில மின்கலங்களுக்கு மட்டுமே. பழையதை விற்பனையாளரே திரும்பப் பெறவேண்டும் என்றன. 2022 விதிகள் எல்லா வகைகளையும் சேர்த்து, பொறுப்பை உற்பத்தியாளரிடம் ஒப்படைத்தன. நல்லதே! ஆனால் ஒற்றை மின்கலத்தோடு சென்னைக்கு யார் போவார்? விற்ற கடையிலேயே அதைத் திரும்ப வாங்கினால்தான் விதி கிராமத்தை எட்டும்.