கழித்துப் பார்த்தால் மாறும் சாம்பியன்

ஃபார்முலா 1 சாம்பியனைத் தேர்ந்தெடுப்பது எந்த ஒரு பந்தயமும் அல்ல, ஒரு கூட்டல் கணக்கு. ஆண்டு முழுக்க நடக்கும் பந்தயங்களில் வாங்கிய புள்ளிகளைக் கூட்டுகிறார்கள். யாருக்கு அதிகமோ அவருக்குப் பட்டம். இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா என்றுதான் முதலில் தோன்றும். ஒரு நாள் டயர் வெடிக்கும், ஒரு நாள் மழை கெடுக்கும். ஆனால் இருபது பந்தயங்கள் ஓடி முடிவதற்குள் நல்ல நேரமும் கெட்ட நேரமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், மிஞ்சுவது திறமைதான் என்பது இந்த முறைக்காகச் சொல்லப்படும் வாதம். அதில் பாதி உண்மை.

2008 நவம்பர் 2, பிரேசிலின் இன்டர்லாகோஸ். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் ஃபெலிப்பே மாஸா தன் ஃபெராரியில் வென்று கோட்டைக் கடந்தபோது பட்டம் அவர் கையில் இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஈரத் தடத்தில் உலர் டயரோடு திணறிக்கொண்டிருந்த டிமோ க்ளோக்கைக் கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் தாண்டி, லூயிஸ் ஹாமில்டன் ஐந்தாவதாக வந்து சேர்ந்தார். ஹாமில்டனுக்கு 98 புள்ளி, மாஸாவுக்கு 97.

அதிர்ஷ்டம் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் அந்த வளைவிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த வளைவு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. க்ளோக்கும் மற்றவர்களைப் போல மழை டயருக்கு மாறியிருந்தால் ஹாமில்டனுக்கு முன்னால் இருந்திருக்கவே மாட்டார். மாஸாவின் அந்த ஒரு புள்ளி போனது வேறு இடங்களில். ஹங்கேரியில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தவருக்கு மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது என்ஜின் போனது. சிங்கப்பூரில் எரிபொருள் குழாய் கழற்றப்படும் முன்பே பச்சை விளக்கு எரிந்து, குழாயை இழுத்துக்கொண்டே பிட் பாதையில் போனார். அந்த நிறுத்தத்துக்கு வழிவைத்த விபத்தே, எதிரணி ஓட்டுநர் நெல்சன் பிக்கே ஜூனியர் தன் அணியின் சொல்படி வேண்டுமென்றே சுவரில் மோதியது என்பது அடுத்த ஆண்டுதான் வெளியே வந்தது.

பாவம் மாஸா என்று முடித்துவிட முடியாது. மலேசியாவில் யாரும் இடிக்காமல் தானாகவே சுழன்று வெளியேறினார். சில்வர்ஸ்டோன் மழையில் ஐந்து முறை சுழன்றார். ஸ்பாவில் முதலில் வந்தது ஹாமில்டன். நடுவர்கள் அவருக்கு 25 நொடி தண்டனை போட்டதால்தான் வெற்றி மாஸாவுக்குக் கிடைத்தது. ஹாமில்டனோ கனடாவில் பிட் பாதையின் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல், நின்றிருந்த ராய்க்கோனனின் காரில் போய் மோதினார். இந்தப் பட்டியலில் எது விதி, எது பிழை, எது அநியாயம்? புள்ளிப் பட்டியலுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே பூஜ்யம்தான். ஓட்டுநரின் பிழைக்கும் எந்திரத்தின் கோளாறுக்கும் ஒரே விலை போடுவதுதான் இந்த முறையின் முதல் குறை.

முன்பு இதற்கு ஒரு மாற்று இருந்தது. 1950இல் சாம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்து 1990 வரை எல்லாப் பந்தயங்களின் புள்ளிகளையும் கூட்டியதில்லை. கல்லூரி இன்டர்னல் தேர்வில் மூன்றில் சிறந்த இரண்டை எடுத்துக்கொள்வதுபோல, சிறந்த முடிவுகளை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். கார்கள் அடிக்கடி பழுதாகி நின்ற காலம் அது. ஓட்டுநர் செய்யாத குற்றத்துக்கு அவரைத் தண்டிக்காமல் இருக்க அது ஒரு வழி. 1991 முதல் அதைக் கைவிட்டு முழுக் கூட்டலுக்கு வந்தார்கள்.

கைவிடக் காரணமும் இருந்தது. 1988இல் மெக்லாரன் அணியின் இரு கார்களில் செனாவும் ப்ரோஸ்டும். பதினாறு பந்தயங்களில் ப்ரோஸ்ட் இரண்டில்தான் பாதியில் நின்றார். மற்ற பதினான்கில் ஏழு முதலிடம், ஏழு இரண்டாமிடம். மொத்தம் 105 புள்ளி. செனாவுக்கு எட்டு வெற்றியோடு 94. ஆனால் சிறந்த பதினொன்று மட்டுமே கணக்கு. ப்ரோஸ்டின் மூன்று இரண்டாமிடங்கள் குப்பைக்குப் போயின, 87ஆகச் சுருங்கினார். செனா 90 புள்ளியோடு சாம்பியன். வேகம் என்று பார்த்தால் செனாதான் தகுதியானவர் என்று நானும் நினைக்கிறேன். ஆனாலும் ஒரே கார், ஒரே பருவம். பதினொரு புள்ளி கூடுதலாகச் சேர்த்தவர் தோற்றார். இங்கே முடிவு செய்தது விதிப்புத்தகம். அதை அதிர்ஷ்டம் என்பதா, திறமை என்பதா?

பழைய விதியைப் புதிய பருவங்களுக்குப் போட்டுப் பார்த்தால் கணக்கு இன்னும் வேடிக்கையாகிறது. 2008இல் பதினெட்டுப் பந்தயங்கள். மாஸாவுக்கு ஐந்தில் பூஜ்யம், ஹாமில்டனுக்கு நான்கில். ஆளுக்கு மோசமான ஐந்தைக் கழித்தால் மாஸா எதையும் இழப்பதில்லை. ஹாமில்டன் மோன்சாவில் எடுத்த இரண்டு புள்ளியை இழக்கிறார். 97க்கு 96, மாஸா சாம்பியன். 2016இல் நிகோ ரோஸ்பெர்க் 385க்கு 380 என்று ஹாமில்டனை வென்றார். மோசமான இரண்டைக் கழித்தால், ஹாமில்டனுக்குப் போவது இரண்டு பூஜ்யங்கள்; ரோஸ்பெர்க்குக்கு ஒரு பூஜ்யமும் மொனாக்கோவின் ஆறு புள்ளியும். 380க்கு 379, பட்டம் ஹாமில்டனுக்கு. இந்தக் கழித்தல் மாஸாவின் ஹங்கேரி என்ஜினோடு அவருடைய மலேசியப் பிழையையும் சேர்த்தே மன்னித்துவிடுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

இன்றைய கார்கள் முன்பைப் போலப் பழுதாவதில்லை, அதனால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைந்துவிட்டது என்பார்கள். நான் அதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். எல்லோருடைய காரும் அடிக்கடி நின்ற காலத்தில் ஒரு பழுது பெரிய விஷயமில்லை. எதிராளிக்கும் அடுத்த வாரம் அதே கதி. இன்று எதிராளி ஏறக்குறைய எல்லாப் பந்தயத்தையும் முடிக்கிறார். 2016 மலேசியாவில் முன்னணியில் ஓடிய ஹாமில்டனின் என்ஜின் தீப்பிடித்தபோது 25 புள்ளி போனது. இறுதி வித்தியாசம் ஐந்து. துரதிர்ஷ்டம் அபூர்வமாகிவிட்டது, வரும்போது பட்டத்தையே கொண்டுபோகிறது. இருபத்து நான்கு பந்தயம் ஓடும் பருவத்தில் ஆளுக்கு இரண்டைக் கழிக்கலாம் என்பது என் கட்சி. அதற்கு மேல் போனால் ப்ரோஸ்ட் கதைதான்.

வெற்றிகளை மட்டும் எண்ணலாமே என்பது ஃபார்முலா 1இன் வணிகத் தலைவராக இருந்த பெர்னி எக்கிள்ஸ்டோனின் யோசனை. 2009 மார்ச்சில் அதை விதியாகவே அறிவித்து, அணிகள் எதிர்த்ததும் சில நாளில் பின்வாங்கினார்கள். அந்த விதி 1958இல் இருந்திருந்தால் நான்கு வெற்றி பெற்ற ஸ்டெர்லிங் மாஸ், ஒரே வெற்றியோடு பட்டம் வாங்கிய மைக் ஹாத்தர்னிடம் ஒரு புள்ளியில் தோற்றிருக்க மாட்டார். அந்த ஆண்டு போர்ச்சுகலில் ஹாத்தர்னைத் தகுதிநீக்கம் செய்யவிருந்தபோது, அவர் தவறு செய்யவில்லை என்று போய்ச் சாட்சி சொன்னதே மாஸ்தான். அவர் கடைசிவரை சாம்பியன் ஆகவில்லை. வெற்றிகளை மட்டும் எண்ணினால், சிறந்த காரில் உட்கார்ந்திருப்பவர் பாதிப் பருவத்திலேயே கதையை முடித்துவிடுவார் என்ற ஆபத்தும் உண்டு.

2021இன் கடைசிப் பந்தயமான அபுதாபியை இந்த விவாதத்தில் சேர்க்க எனக்கு மனமில்லை. சமமாக 369.5 புள்ளியோடு ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் வந்தார்கள். லத்தீஃபியின் கார் மோதியது தற்செயல். ஆனால் இருவருக்கும் இடையிலிருந்த ஐந்து கார்களுக்கு மட்டும் வழிவிட்டு, ஒரே ஒரு சுற்று ஓடவிட்டது பந்தய இயக்குநர் மைக்கேல் மாசியின் முடிவு. மனிதப் பிழை என்று விளையாட்டின் நிர்வாக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அறிக்கையே சொல்லிவிட்டது. அதிகாரியின் தவறை விதியின் தலையில் கட்டுவது அதிகாரிகளுக்குத்தான் வசதி.

எந்தக் கூட்டலும் கழித்தலும் தொட முடியாத அதிர்ஷ்டம் ஒன்று உண்டு: எந்தக் கார் வாய்க்கிறது என்பது. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணியின் பலவீனமான காரோடு மாரடித்தார். இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர் பாதுகாப்பில்லை என்று பதினான்கு கார்கள் விலகிவிட, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். ஃபார்முலா 1இல் அவர் எடுத்த புள்ளிகள் அவை மட்டுமே. அவர் எவ்வளவு நல்ல ஓட்டுநர் என்பதை அந்த ஐந்தும் சொல்லவில்லை, மற்ற பந்தயங்களின் பூஜ்யங்களும் சொல்லவில்லை. ஒரே அணியின் இரு ஓட்டுநர்களை ஒப்பிடும்போதுதான் ஆள் கொஞ்சமாவது தெரிகிறார்; செனா, ப்ரோஸ்ட் ஆண்டை இன்றும் பேசுகிறோம் என்றால் அதனால்தான்.

நல்ல காரைத் தேடிப் பிடிப்பதும் திறமைதானே என்று கேட்கலாம். 2012இல் ஹாமில்டன் மெக்லாரனை விட்டு மெர்சிடிஸுக்குப் போவதாக அறிவித்தபோது பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு மெக்லாரன் ஏழு பந்தயம் வென்றது, மெர்சிடிஸ் ஒன்றே ஒன்று. 2014இல் டர்போ ஹைப்ரிட் என்ஜின் விதி வந்தது. மெர்சிடிஸ் பத்தொன்பதில் பதினாறை வென்றது. அங்கே ஹாமில்டன் ஆறு பட்டம் வாங்கினார். முன்கூட்டியே கணித்த கெட்டிக்காரர் என்று அப்போது எழுதினார்கள். அதே மனிதர், அதே கணிப்போடு 2025இல் ஃபெராரிக்குப் போனார். அந்தப் பருவத்தில் அவர் ஒரு கிராண்ட் பிரீயையும் வெல்லவில்லை.