ஆறு தந்திக்கு ஒரு காது

பைலாவில் கிற்றார் போடும் வெட்டு, பிறந்த கணமே அடங்க வேண்டும். ஆறெட்டுத் தாளத்தின் இடைவெளிகளில் அது விழும்போது ஆறு தந்தியும் தனித்தனியே காதில் பட வேண்டும். குழைந்து ஒரே இரைச்சலானால் ஆடுகிறவரின் கால் தடுமாறும். மட்டக்களப்பில் இந்த வெட்டுக்குப் பழைய வேர் உண்டு: வயலினோடும் கிற்றாரோடும் பறங்கியர் ஆடும் கப்ரிஞ்ஞா. வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவுக்கு வந்தால் மத்தளமும் சல்லரியும் ஆளும் கூத்து நிலம். இந்தப் பக்கத்துக் காதுக்கும் தாளத்தின் விளிம்பு கூராகவே இருக்க வேண்டும். ஆகவே மலிவான மின்கிற்றாருக்குப் புது பிக்கப் தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்தப் பாட்டுக்கு?" என்பதைத்தான்.

வாவி மீன்கள் பாடுவதைக் கேட்கத் தோணியில் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். கிற்றாருக்குப் பிக்கப் அந்தத் துடுப்பு. ஆனால் அது மரத்தைக் கேட்பதில்லை, தந்தியின் இரும்பை மட்டுமே கேட்கிறது. காந்தம் தந்தியைக் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைய, சுற்றியிருக்கும் செப்புக் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1931இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷாம்ப் குதிரைலாடக் காந்தங்களை வைத்துச் செய்து காட்டிய தத்துவம் இன்றும் மாறவில்லை. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்ரர் கிற்றாரின் பிக்கப்பில் தலைமயிர் அளவு சன்னமான கம்பி ஏறத்தாழ 8,000 சுற்று. இத்தனை எளிய பொருள் என்பதால்தான் குறைந்த விலையிலும் நல்லது கிடைக்கிறது.

குறைந்த விலைக் கிற்றார்களில் பெரும்பாலும் ஆறு இரும்புத் துண்டுகளின் அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். அதில் குற்றமில்லை, கனத்த ராக் இசைக்கு நன்றாகவே பேசும். ஆனால் சுருளுக்குள் இரும்பு இருப்பதால் மேல் நாதம் கொஞ்சம் மங்கும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த அல்னிக்கோ கோல்களே காந்தமாக நிற்கும் பிக்கப்பில் அந்தத் திரை விலகுகிறது. அல்னிக்கோ 5 கணீரென்று எழும். அல்னிக்கோ 2 சற்று இளகிய குரல். நம் வெட்டுக்கு நான் தயங்காமல் 5ஐ எடுப்பேன்.

விளம்பரங்களில் "அதிக வலு" என்றிருந்தால் அங்கே நிதானிக்க வேண்டும். சுற்று கூடக் கூட ஓசை பெருகும், மேல் நாதம் தேயும். மல்டிமீற்றரை வைத்தால் 6 கிலோ ஓம் பக்கம் காட்டுவதே போதும். கம்பி இன்னும் சன்னமானால் அதே சுற்றுக்கு எண் ஏறும் என்பதால், அந்த எண்ணை மட்டும் நம்பி விலை கொடுக்கவும் கூடாது. ஒலி அளவுக் குமிழின் பின்னே 250 கிலோ ஓம் பொட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரட்டைச் சுருளுக்கு 500.

திருவிழா மேடையில் வண்ண விளக்குகளுக்கும் மின் வயர்களுக்கும் நடுவே ஒற்றைச் சுருள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமலை அள்ளிக்கொள்ளும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகக் கோத்து அதை அடக்கினார், அதுதான் ஹம்பக்கர். அதன் தடித்த குரல் இந்த வெட்டுக்கு உகந்ததல்ல. நடுப் பிக்கப்பின் சுற்றும் காந்தமுனையும் எதிராக அமைந்த மூன்று ஒற்றைச் சுருள்களின் தொகுதியே என் தேர்வு. அப்போது சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் உறுமல் அடங்கும். பைலாவுக்கு மிகப் பொருத்தமான, உள்ளொடுங்கிய அந்தக் கண்ணாடிக் குரல் பிறப்பதும் அதே நிலைகளில்தான். ஒரே செலவில் இரண்டு வரவு! காந்தமுனையைச் சோதிப்பது எளிது: மேல்முகத்தோடு மேல்முகம் நெருக்கினால் நடுப் பிக்கப் மற்ற இரண்டையும் இழுக்கும், அவை இரண்டும் ஒன்றையொன்று தள்ளும்.

சுருளில் மெழுகு ஏற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் பெரிய ஸ்பீக்கர் முன்னே கீச்சிடும்.

வாவிக் காற்று உப்புக் காற்று. பழைய பாணியில் கம்பியை நேரே காந்தக் கோல்மேல் சுற்றியிருந்தால், கோலில் பிடிக்கும் துரு உள்சுற்றைத் தின்று, ஒருநாள் பிக்கப் ஊமையாகும். பிளாஸ்ரிக் கூட்டின்மேல் சுற்றிய மலிவுப் பிக்கப்பில் கோலுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சுவர் இருக்கிறது. அதனால் இந்த ஊரில் அதை மட்டமென்று ஒதுக்க எனக்கு மனம் வராது. புது பிக்கப்புக்குப் பழைய பிக்கப்பின் மூடியையே போடுவதென்றால், முதல் கோலிலிருந்து ஆறாவது கோல் வரை அளந்துகொள்ளுங்கள்: 50 மில்லிமீற்றரும் உண்டு, 52உம் உண்டு.

மாட்டியவுடன் தந்திக்கு மிக அருகே உயர்த்திவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அல்னிக்கோ 5 தடித்த தந்திகளைப் பிடித்து இழுத்து, சுருதியை அலைய வைக்கும். கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்திக்கொண்டு, தடித்த பக்கம் 2.4 மில்லிமீற்றர், மெல்லிய பக்கம் 2 என்று தொடங்குங்கள். பிறகு திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே வெட்டை வாசித்துக் கேட்க வேண்டும். தடித்த தந்தி நீண்டு நின்றும் மெல்லிய தந்தியை மூடாத உயரம் ஒன்று இருக்கிறது.