சின்னப் பற்றரியின் பெரிய தொல்லை: பத்து வயது தாண்டிய அவுட்லாண்டர் பிஎச்ஈவி

ஜப்பானில் ஓடிய காரை வாங்கி, இங்கே அதற்கு இன்னொரு ஆயுள் கொடுப்பது இலங்கையில் பழைய வழக்கம். என்ஜின் சத்தத்தைக் கேட்டு, அடியில் துருவைப் பார்த்து, ஒரு சுற்று ஓடி விட்டு விலை பேசுவோம். பெற்றோல் அடித்தும் ஓடும், பிளக்கில் செருகியும் ஓடும் கார்களுக்கு இந்தப் பரிசோதனை போதாது. அவற்றின் நோய் காதுக்குக் கேட்காது, கண்ணுக்கும் தெரியாது.

மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிஎச்ஈவி இந்த வகையில் இங்கே பலருக்கும் பழக்கமான கார். ஜப்பானில் 2013 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் இருந்த கார்களே கை மாறிக்கொண்டிருந்தன. அதனால் விற்பனைக்கு வரும் முதல் தலைமுறை அவுட்லாண்டர் பிஎச்ஈவிகளில் பல பத்து வயதைத் தாண்டியவை. 2014 ஆம் ஆண்டுக் கார் ஒன்றை யாழ்ப்பாணத்தில் ஓட்டிப் பார்த்து, ஸ்கேனரும் செருகிப் பார்த்து எழுதும் மதிப்பீடு இது. கார் நல்லதா என்ற கேள்விக்கு விடை சுலபம். மின்பழுது வந்தால் எங்கே வரும், அதில் எது காசைத் தின்னும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஓட்டம் எப்படி?

2.0 லீற்றர் பெற்றோல் என்ஜின், முன்னும் பின்னும் 60 கிலோவாற் மோட்டார் ஒவ்வொன்று, தரைக்கு அடியில் 12 கிலோவாற்-மணி லித்தியம் பற்றரி. வழக்கமான கியர்பொக்ஸ் கிடையாது. ஊருக்குள் என்ஜின் ஓடினாலும் அது சில்லைச் சுற்றுவதில்லை. ஜெனரேற்றரைச் சுழற்றி மின்சாரம் எடுத்துக் கொடுக்கிறது. நெடுஞ்சாலை வேகம் வந்த பிறகுதான் கிளச் பிடித்து முன் சில்லுகளை நேரடியாக ஓட்டுகிறது.

ஓட்டும்போது இந்த அமைப்பின் அருமை தெரிகிறது. சுமார் 1,800 கிலோ எடையுள்ள வண்டி, சிக்னலில் இருந்து சத்தமே இல்லாமல் இழுத்துக்கொண்டு போகிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பிடிகளை இழுத்து, வேகம் குறைக்கும்போது எவ்வளவு மின்சாரத்தைத் திரும்ப எடுப்பது என்பதை பூச்சியம் தொடக்கம் 5 வரை மாற்றலாம். நெரிசலில் 5 இல் விட்டால் பிரேக் மிதி பெரும்பாலும் சும்மா இருக்கிறது. ஏறுமிடத்தில் காலை அழுத்தினால் மட்டும் என்ஜின் திடீரென்று இரைகிறது. வேகம் ஒரு பக்கம், சத்தம் இன்னொரு பக்கம் போவதால் முதலில் ஏதோ பிழை என்று தோன்றும். இந்த அமைப்பின் இயல்பே அதுதான்.

தூரக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜப்பானியச் சோதனை முறையில் முழுச் சார்ஜில் 60.2 கிலோமீற்றர் என்றார்கள். அமெரிக்க அரசின் சோதனையில் இதே 12 கிலோவாற்-மணிப் பற்றரிக்குக் கிடைத்தது 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீற்றர். நம் வெயிலில், ஏசி போட்டு, பத்து வயதுப் பற்றரியோடு ஓடும்போது அந்த 35 கூடக் கிடைக்காது. சந்தை, பாடசாலை, அலுவலகம் என்ற வட்டத்துக்கு இது போதும். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர் போகும்போது இது கனமான ஒரு பெற்றோல் கார், அவ்வளவுதான்.

சார்ஜ் ஏற்றும் இடத்திலேயே தொடங்கும் தொல்லை

ஜப்பானில் 200 வோல்ற்றில், 15 அம்பியரில், சுமார் 4 மணித்தியாலத்தில் பற்றரி நிறையும் என்று கணக்கு. இதே கார் ஐரோப்பாவிலும் விற்கப்பட்டதால் 230 வோல்ற் காருக்குப் புதிதல்ல. கவனிக்க வேண்டியது காரோடு வரும் கேபிளை. ஜப்பானிய பிளக் இங்கே சுவரில் பொருந்தாது. அதை வெட்டிவிட்டு 13 அம்பியர் சதுரப் பிளக்கை மாட்டி விடுகிறார்கள். 13 அம்பியர் பியூஸ் போட்ட பிளக் வழியாக 15 அம்பியர் மணிக்கணக்காகப் போனால் என்ன ஆகும்? பியூஸ் உடனே எரியாது. பிளக் சூடாகும், ஊசி கறுக்கும், சொக்கற் இளகும். காரில் "சார்ஜ் ஏறவில்லை" என்ற முறைப்பாடு கராஜுக்குப் போவதற்கு முன், சுவரில் இருக்கும் சொக்கற்றைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

கேபிளில் என்ன வோல்ற், எத்தனை அம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கார் நிற்கும் இடத்துக்குத் தனி வயர், தனி பிரேக்கர், 15 அம்பியருக்கு மேல் தாங்கும் சொக்கற், ஒழுங்கான எர்த் ஆகிய நாலும் வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் கேபிளில் உள்ள பாதுகாப்புப் பெட்டி சார்ஜ் கொடுக்க மறுக்கலாம். அது பழுதல்ல, தன் வேலையைச் செய்கிறது. அதை ஏமாற்றுவதற்கு வழி சொல்லும் ஆள் உங்கள் வீட்டுக்கு நெருப்பு வைக்க வழி சொல்கிறார்.

12 வோல்ற் பற்றரி: சந்தேகத்தை இங்கே தொடங்குங்கள்

இந்தக் காரில் 300 வோல்ற் பெரிய பற்றரியோடு, டிக்கியின் பின்பகுதியில் ஒரு 12 வோல்ற் சின்னப் பற்றரியும் இருக்கிறது. கணினிகளை எழுப்புவதும், பெரிய பற்றரியை மோட்டாரோடு இணைக்கும் ரிலேக்களை மூடுவதும் அதன் வேலை. மற்றக் கார்களில் உள்ளது போல ஓல்ற்றனேற்றர் இதில் இல்லை. பெரிய பற்றரியில் இருந்து மின்னழுத்தத்தை இறக்கித் தரும் ஒரு மாற்றிதான் சின்னதைச் சார்ஜ் செய்கிறது. கார் நின்ற இடத்திலேயே வாரக்கணக்காக நின்றால் அந்த மாற்றியும் தூங்கும்.

வீட்டுச் சாவி தொலைந்தவன் பெட்டகம் நிறையப் பணம் இருந்தும் வாசலில் நிற்பது போல, பெரிய பற்றரி நிறைந்திருந்தும் கார் "ரெடி" நிலைக்கு வராமல் நிற்பது இதனால்தான். முழுதாகச் செத்துவிட்டால் பரவாயில்லை, விஷயம் உடனே விளங்கும். அரைகுறையாக இருக்கும்போதுதான் குழப்பம். பட்டனை அழுத்தும் கணத்தில் வோல்ற் சரிகிறது. கணினிகள் ஒன்றோடொன்று பேசுவது அறுகிறது. ஒவ்வொன்றும் மற்றதைக் குற்றம் சொல்கிறது. பிரேக், ஸ்டியரிங், நாலு சில்லு ஓட்டம், மின் அமைப்பு என்று எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிகின்றன. ஸ்கேனரைச் செருகினால் பக்கம் பக்கமாகக் கோளாறு எண்கள். இந்தப் பட்டியலை எழுத்துக்கு எழுத்து நம்பி உதிரிப்பாகம் மாற்றத் தொடங்கினால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கும் கராஜுக்கும் இடையே அலைய வேண்டியதுதான்.

முறை எளிது. முதலில் 12 வோல்ற் பற்றரியை லோட் டெஸ்ட் செய்யுங்கள். ஓய்வில் 12.6 வோல்ற் அளவில் இருக்க வேண்டும், சுமை கொடுத்ததும் விழக்கூடாது. அதன் முனைகளையும் உடலோடு இணையும் எர்த் வயர்களையும் துடையுங்கள். கடற்காற்று வீசும் ஊரில் அங்கே பச்சை பூத்திருக்கும். பிறகு கோளாறு எண்களை அழித்துவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வருவது எதுவோ அதுதான் உண்மையான பழுது. பற்றரியை மாற்றும்போது மலிவான சாதாரண தண்ணீர்ப் பற்றரி வேண்டாம். பயணிகள் இருக்கும் அதே அறைக்குள் வைப்பதால், வாயுவை வெளியே விடும் குழாய் பொருத்தக்கூடிய மூடிய வகைதான் வேண்டும்.

கார் ஓடாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2022 நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஆண்டின் நடுப்பகுதியில் பெற்றோல் வரிசை, பிறகு கியூஆர் அட்டை, கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர். இரண்டு உணவும் கிடைக்காமல் நின்ற பிளக்-இன் கார்களுக்குச் சின்னப் பற்றரி செத்துப் போனதில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் காலத்தில் பலரைப் பயமுறுத்தியிருக்கக்கூடிய இன்னொன்றும் உண்டு. மூன்று மாதத்துக்குள் 15 லீற்றராவது பெற்றோல் ஊற்றாவிட்டால், பற்றரி நிறைந்திருந்தாலும் என்ஜின் தானாகவே ஓடத் தொடங்கலாம். எரிபொருள் அமைப்பு பழுதாகாமல் இருக்க நிறுவனமே வைத்த ஏற்பாடு இது. இதைப் பழுது என்று நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

பெரிய பற்றரியின் உண்மை நிலை

2013 மார்ச்சில், விற்பனை தொடங்கி மூன்று மாதம் ஆவதற்குள், யொகோஹாமாவில் ஒரு அவுட்லாண்டரின் பற்றரி சூடேறி உருகியது. செல்களைச் சோதிக்கும் கட்டத்தில் அவை பட்ட அதிர்ச்சியே காரணமாகச் சொல்லப்பட்டது. உற்பத்தி நிறுத்தப்பட்டு, ஓகஸ்ட்டில்தான் மீண்டும் தொடங்கியது. ஆரம்பகால 2013 கார் கண்ணில் பட்டால், அதன் அடிச்சட்ட எண்ணை வைத்து ரீகோல் (நிறுவனம் திருப்பி அழைத்துத் திருத்தும்) வேலை முடிந்ததா என்று பார்ப்பது அவசியம்.

பிந்திய கார்களில் பிரச்சினை நெருப்பல்ல, தேய்மானம். பற்றரியில் 80 செல்கள் தொடராக இருக்கின்றன. ஒவ்வொன்றும் 40 அம்பியர்-மணி. மலிவான ஓபிடி கருவி ஒன்றையும் கைபேசிச் செயலி ஒன்றையும் கொண்டு இப்போது எத்தனை மிச்சம் என்று பார்க்கலாம். 28 என்று காட்டினால் 70 சதவீதம். அதோடு செல்களுக்கு இடையிலான வோல்ற் வித்தியாசத்தையும் பாருங்கள். எல்லாச் செல்லும் ஒரே சீராக வயதாகியிருந்தால் தூரம் குறையும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு மட்டும் தனியே சரிந்திருந்தால், தொடரில் மிகப் பலவீனமான செல்தான் எல்லாவற்றுக்கும் எல்லை போடும்; அது காரை வீதியில் நிறுத்தவும் கூடும்.

ஒரு எச்சரிக்கை. திரையில் வரும் அந்த எண், பற்றரிக் கணினி வைத்திருக்கும் மதிப்பீடு. காலப்போக்கில் கணக்கும் உண்மையும் விலகலாம். முழுதாக இறக்கி, முழுதாக ஏற்றி, கொள்ளளவை அளந்து திருத்தும் ஒரு நடைமுறை நிறுவனத்தின் ஸ்கேனரில் இருக்கிறது. செல் மாற்றினாலும் இதைச் செய்தாக வேண்டும். பிரியஸ் ஹைபிரிட் கார்களில் நல்ல பற்றரி மொடியூலைப் பொறுக்கிப் போட்டுச் சமாளித்த பழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. வெவ்வேறு வயதுச் செல்களைக் கலந்தால் பழுது தீராது, தள்ளிப்போகும்.

ஏசி கடையில் பிறக்கும் மின்பழுது

அதிகம் பேசப்படாத ஒன்று இது. இந்தக் காரின் ஏசி கம்பிரஸர் பெல்ற்றில் ஓடுவதில்லை; பெரிய பற்றரியின் மின்சாரத்தில் ஓடுகிறது. உள்ளே மோட்டாரின் சுருள்கள் ஏசி ஒயிலில் நனைந்தபடி இருக்கும். அதனால் மின்சாரம் கடத்தாத எஸ்டர் வகை ஒயில்தான் வேண்டும். சாதாரண கார்களுக்குப் போடும் பிஏஜி ஒயில், அதே மெஷினில் காஸ் நிரப்பும்போது கொஞ்சம் கலந்தாலும் மின்காவல் (இன்சுலேஷன்) குறைந்து, பெரிய மின்சுற்று உடலோடு கசிகிறது என்று கணினி காரை நிறுத்திவிடலாம். வாடிக்கையாளருக்குச் சொல்லப்படுவது "பெரிய பற்றரி போய்விட்டது" என்பதாக இருக்கும். தவிர, பற்றரியைக் குளிர்விப்பதும் இதே ஏசி. காஸ் குறைந்த கார் பயணிகளை மட்டுமல்ல, பற்றரியையும் வேக வைக்கிறது.

யாரிடம் திருத்துவது?

பெற்றோல் மெக்கானிக்குக்கு என்ஜின் தெரியும், பெரிய பற்றரியின் செம்மஞ்சள் கேபிளைத் தொடப் பயம். பயம் நியாயமானது: 300 வோல்ற் ஆளைக் கொல்லும். பெரிய பற்றரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை காத்திருந்து, 1,000 வோல்ற் தாங்கும் கையுறையோடு, மீற்றரால் அளந்த பிறகே கை வைக்க வேண்டும். இந்த ஒழுங்கைக் கேட்காமலே சொல்லும் கராஜ்தான் சரியான கராஜ்.

மொழியும் ஒரு தடை. ஜப்பானில் இருந்து வந்த காரின் திரை ஜப்பானிய எழுத்தில் எச்சரிக்கிறது. உடனே நிறுத்து என்கிறதா, அடுத்த முறை காட்டு என்கிறதா என்பது தெரியாமல் ஓட்டுவது ஆபத்து. செய்தி வந்ததும் கைபேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். அந்தப் படம் மெக்கானிக்குக்கும் உதவும்.

மிட்சுபிஷியின் சொந்தக் கைபேசிச் செயலியைப் பற்றி ஒரு வரி: கார் தானே ஒரு வைபை வலையமைப்பை உண்டாக்கி அதன் வழியாகப் பேசுகிறது. 2016 இல் பிரித்தானியாவின் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் ஆய்வாளர்கள் அதை உடைத்து திருட்டு எச்சரிக்கை ஒலியையே நிறுத்திக் காட்டினார்கள். பயன்படுத்தாவிட்டால் அதை முடக்கி வைப்பது நல்லது.

தீர்ப்பு

வசதி, அமைதி, இழுவை மூன்றிலும் இன்றும் மதிப்புள்ள கார். வீட்டில் ஒழுங்கான சார்ஜ் இடம், தினமும் 25, 30 கிலோமீற்றருக்குள் ஓட்டம், இரண்டு மணித்தியாலப் பயணத்துக்குள் லித்தியம் தெரிந்த ஒரு கராஜ் ஆகிய மூன்றும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். கிழமைக்கு ஒருமுறை மட்டும் எடுத்து, கொழும்புக்கும் ஊருக்கும் ஓடுபவருக்கு இது தேவையில்லாத சிக்கல். சாதாரண ஹைபிரிட்டே போதும்.

பார்க்கப் போகும்போது மூன்று தாள் கேளுங்கள்: 80 செல்களின் வோல்ற் பட்டியல், அழித்துவிட்டு ஓட்டிய பிறகு எடுத்த கோளாறு அறிக்கை, கடைசியாக ஏசி காஸ் நிரப்பிய கடையின் பில். உங்கள் கண் முன்னாலேயே சார்ஜ் கேபிளைச் செருகி, குறைந்தது அரை மணித்தியாலம் ஏறவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம், பெயின்ற் எவ்வளவு பளபளத்தாலும், விலை பேசத் தொடங்க வேண்டாம்.