நான்கு கிலோ மாவும் ஒரு கேரவன் ஃப்ரிட்ஜும்

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு குடும்பம் கும்பகோணத்துக்கு நான்கு நாள் நவக்கிரகப் பயணம் கிளம்புகிறது. வேனுக்குள் ஃப்ரிட்ஜ் உண்டு என்று தெரிந்த மறு நிமிடம் அதில் ஏறுவது மாவு வாளி. கும்பகோணத்தில் இட்லி கிடைக்காதா என்று கேட்டுப் பயனில்லை. முந்தின இரவு புளித்த மாவு, நான்கு கிலோ, அறைச் சூட்டில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் அதைச் சில மணி நேரத்துக்குள் குளிரவைக்காவிட்டால், விழுப்புரம் தாண்டும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். அதே பெட்டியில் தாத்தாவின் இன்சுலினும் இருக்கிறது. 2 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, 8 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. விற்பனையாளர்கள் காட்டும் லிட்டர் கணக்கைவிட இந்த இரண்டு பண்டங்களையே நான் நம்புகிறேன். வண்டிக்குள் வைக்கும் எந்தப் பெட்டிக்கும் தேர்வு இதுதான்.

தேர்வு வைக்க வேண்டிவந்தது அடையாறு நண்பர் ஒருவரால். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த சமயத்தில் அவருக்கும் ஆசை வந்தது. ஒரு டிராவலர் வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து பாடி கட்டினார். ஃப்ரிட்ஜ் மட்டும் வெளிநாட்டு கேட்டலாக்கைப் பார்த்து வாங்கியது: கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட் என்று மூன்றிலும் ஓடக்கூடிய 100 லிட்டர் பெட்டி. ஒரு மே மாதப் பயணம் முடிந்து வந்ததும் என்னிடம் கேட்டார்: "இதைக் கழட்டிட்டு உஸ்மான் ரோடுல விக்கிற 190 லிட்டர் சிங்கிள் டோரை வச்சுட்டா என்ன? ஷூட்டிங் கேரவன்ல எல்லாம் அப்படித்தானே வைக்கிறாங்க?"

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடலாம். கோடம்பாக்கத்துக் கேரவன் ஓரிடத்தில் போய் நிற்கிற வண்டி. அவுட்டோர் படப்பிடிப்பு என்றால் ஜெனரேட்டர் வண்டியும் உடன் வந்துவிடும். நாளெல்லாம் 230 வோல்ட் தடையில்லாமல் கிடைக்கிற இடத்தில் எந்த ஃப்ரிட்ஜும் ஓடும். குடும்ப வேன் இரவில் ஏதோ ஒரு கோயில் வாகனக் காப்பகத்தில், பிளக் பாயின்ட் இல்லாத இருட்டில் நிற்கும். ஆகவே அந்த உதாரணம் இந்த வழக்குக்குப் பொருந்தாது.

இனி கேஸ் பெட்டியை விசாரிப்போம். அதற்குள் கம்ப்ரசர் கிடையாது, அசையும் பாகமே கிடையாது. அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் ஒரு மூடிய குழாய்க்குள் சுற்றுகின்றன. சுற்றவைப்பது கீழே எரியும் சிறு நெருப்பு. 1922-ல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கி உலகெங்கும் விற்றது. மின்சாரம் எட்டாத மலை எஸ்டேட்டுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஃப்ரிட்ஜ்கள் இந்த வம்சம்தான். சத்தமே போடாது. அந்தக் காலத்துக்கு அது பெரிய வரம் என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அது பிறந்த ஊர் ஸ்டாக்ஹோம். அமோனியா ஆவி மறுபடி திரவமாக வேண்டுமானால் பெட்டியின் முதுகில் உள்ள தகடுகள் சுற்றுக் காற்றில் சூட்டை விட வேண்டும். அழுத்தித் தள்ளக் கம்ப்ரசர் இல்லாததால், வெளிக்காற்று சூடாக இருந்தால் அந்த வேலை படுத்துவிடும். ஃப்ரிட்ஜ்களுக்குத் தட்பவெப்ப வகுப்பு என்று ஒன்று உண்டு. 'எஸ்என்' என்றால் 10 முதல் 32 டிகிரி வரை. வெப்ப நாடுகளுக்கான 'டி' என்றால் 43 வரை. கேரவனுக்கென்று ஐரோப்பாவில் செய்த பெட்டிகளில் பல 'எஸ்என்' வகுப்பு. சென்னை 2003 மே 31 அன்று 45 டிகிரியைத் தொட்ட ஊர். பெசன்ட் நகர்க் கடற்கரையில் மதியம் நிறுத்திய தகர வண்டியின் பின்சுவருக்குள் என்ன சூடு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நண்பரின் மாவு திண்டிவனத்திலேயே வழிந்தது.

இரண்டாவது குற்றம், அது சமதளத்தில் நிற்க வேண்டும். உள்ளே திரவம் ஓடுவது புவியீர்ப்பால் மட்டுமே. வண்டி ஓடும்போது குலுங்குவதால் பாதகமில்லை. சாய்ந்த நிலையில் மணிக்கணக்காக நிறுத்தி எரியவிட்டால், கொதிகலனில் தண்ணீர் வற்றி, துருத் தடுப்பு ரசாயனம் படிகமாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். மயிலாப்பூர் மட்டமான ஊர்தான். ஆனால் மாடவீதியில் ஒரு சக்கரத்தைப் பிளாட்பாரத்தில் ஏற்றித்தானே வண்டி நிறுத்துகிறோம்! அடைத்துக்கொண்ட பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து எழுப்புகிற பழைய வைத்தியம் ஒன்று உண்டு. சில தடவை பலிக்கவும் செய்யும். அதை நம்பி இன்சுலின் வைக்க முடியாது.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். இந்த அளவுப் பெட்டி நாளுக்குச் சுமார் 300 கிராம் கேஸ் குடிக்கும். 5 கிலோ சிலிண்டர் 16 நாள் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையே மின்சாரத்தில் ஓட்டினால் சூடேற்றும் கம்பி 150 வாட் அளவில் ஏறக்குறைய நிற்காமல் எரியும், நாளுக்கு 3.6 யூனிட். ஓடும் வண்டியில் 12 வோல்ட்டில் போட்டால் எஞ்சின் தரும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிற குளிரைத் தக்கவைக்கப் பார்க்குமே தவிர, புதிதாகக் குளிர்விக்காது. ஆக, உருப்படியாக ஓடுவது கேஸில் மட்டும். அங்கே சட்டம் குறுக்கே வருகிறது. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை வீட்டுச் சமையல் தவிர வேறெதற்கும் பயன்படுத்த 2000-ஆம் ஆண்டு எல்பிஜி ஆணை இடம் தருவதில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான். தீ பயமும் வெறும் பயமில்லை: கொதிகலன் விரிசலால் அமெரிக்காவில் டொமெடிக் நிறுவனம் 2006-ல் லட்சக்கணக்கான பெட்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது.

இவ்வளவையும் கேட்டால் வீட்டு ஃப்ரிட்ஜ் ஜெயித்துவிட்டது என்று தோன்றும். குளிர்விக்கும் திறனில் ஜெயித்துத்தான் இருக்கிறது. நம் சந்தைக்கு வருவது பெரும்பாலும் வெப்ப நாட்டு வகுப்பு. கம்ப்ரசர் இருப்பதால் மே மாதத்திலும் மாவு வாளியை அடக்கிவிடும். விலையும் குறைவு, ரிப்பேருக்குத் தெருவுக்கு ஒரு மெக்கானிக்.

அதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் பாதி பொய் பயம். குலுங்கினால் கம்ப்ரசர் போய்விடும் என்கிறார்கள். கம்ப்ரசர் மோட்டார் தன் கூட்டுக்குள் ஸ்பிரிங்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து தி.நகர் கடைக்கு அது லாரியில்தான் வந்தது. அமெரிக்கர்கள் தங்கள் பெரிய வண்டிகளில் வீட்டு ஃப்ரிட்ஜை வைத்து வருஷக்கணக்காக ஓட்டுகிறார்கள். வாரன்டி வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்பது உண்மை. அது காசு நஷ்டம், ஆபத்தில்லை.

நிஜமான குறைகள் சின்னச் சின்ன இடத்தில் இருக்கின்றன. வீட்டு ஃப்ரிட்ஜின் கதவைப் பிடித்திருப்பது ரப்பர் காந்தம் மட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்து பிரேக் போட்டால் கதவு திறந்து தயிர்ப் பாத்திரம் கட்டிலுக்கு வரும். கொக்கி வைத்தாக வேண்டும். டைரக்ட் கூல் மாடலில் பனியை உருக்கினால் தண்ணீர் பின்னால் உள்ள தட்டில் தேங்கும். வளைவில் அது தரையில் கொட்டும். அதற்குப் பயந்து ஃப்ராஸ்ட் ஃப்ரீ வாங்கினால், பனி உருக்கும் ஹீட்டர் நூறு வாட்டுக்கு மேல் இழுத்து பேட்டரியை மொட்டையடிக்கும். கேஸ் பெட்டிக்காக வண்டியின் வெளிச்சுவரில் வெட்டிய இரண்டு காற்றுத் துளைகளை அடைக்காவிட்டால் மார்கழி வரைக்கும் மழை உள்ளே. முழுக்க அடைத்துப் பெட்டியை இறுக்கிச் செருகினாலோ, இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் சூடு வெளியேறும் பக்கச் சுவர்களுக்குக் காற்றில்லாமல் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். பக்கவாட்டில் விரல் நுழைய இடம் விட வேண்டும், அந்தக் காற்று வண்டிக்குள்ளிருந்து வர வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது மின்சாரம். ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு 180 யூனிட் என்று போட்டிருந்தால் நாளுக்கு அரை யூனிட். வண்டிச் சூட்டில், குழந்தைகள் திறந்து மூடுவதில், அதை ஒரு யூனிட் என்று வையுங்கள். எல்லோரும் மறப்பது இன்வர்ட்டரை. ஃப்ரிட்ஜ் ஓய்ந்திருக்கும் நேரத்திலும் அது விழித்திருக்கப் பத்துப் பதினைந்து வாட் தின்னும், நாளுக்கு 0.3 யூனிட் அளவில். மாற்றும்போது ஆகும் நஷ்டத்தையும் சேர்த்தால் ஒன்றரை யூனிட்டை நெருங்கும். வீட்டில் இருக்கிற 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட், ஆயுளைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. ஒரு பேட்டரி ஒரு நாள் தாங்காது. 200 ஏஎச் லித்தியம் என்றால் தாங்கும், ஆனால் அதன் விலையைக் கேட்டதும் ஃப்ரிட்ஜ் மலிவு என்ற வாதம் செத்துப்போகும். இன்வர்ட்டரும் ப்யூர் சைன் வேவ் ஆக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் கம்ப்ரசர் முனகும், சூடாகும். பழைய வகைக் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். இன்வர்ட்டர் கம்ப்ரசர் மாடலில் இந்தத் தொல்லை இல்லை. அதற்காக ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம்.

நண்பர் கேட்காத மூன்றாவது பெட்டி ஒன்று இருக்கிறது. நேராக 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும் டிசி கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ். டான்ஃபாஸ் செய்துவந்து, பிறகு செகாப் என்ற பெயரில் வருகிற சின்னக் கம்ப்ரசர்தான் இவற்றில் பலவற்றுக்கு உயிர். தடுப்பூசி சேமிப்பில் மண்ணெண்ணெய்ப் பெட்டிகளை ஓரங்கட்டி வந்த சூரிய மின்சார ஃப்ரிட்ஜ்களும் இந்த வகைதான். 60, 70 லிட்டர் பெட்டி ஓடும்போது 45 வாட் அளவில் இழுக்கும்; பாதி நேரம் ஓடினால் நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இன்வர்ட்டர் வேண்டாம். சாய்ந்து நின்றால் கவலையில்லை, கதவுக்குக் கொக்கியோடு வருகிறது. கூரையில் 200 வாட் சோலார் தகடு போட்டாலே சென்னை வெயிலில் ஈடுகட்டும். குறை விலை. லிட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் உஸ்மான் ரோட்டுப் பெட்டியின் பக்கத்தில் நிற்கவே முடியாது. கெட்டுப்போனால் கன்ட்ரோல் போர்டுக்கு அலைய வேண்டும்.

குளிரையே வெளிநாட்டிலிருந்து இறக்கிய ஊர் இது. கடற்கரைச் சாலையில் இப்போது விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஏரிப் பனிக்கட்டியை வைக்க 1842-ல் டியூடர் கம்பெனி கட்டியது. இங்கேயே நீராவி இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் கரைந்தது. கேட்டலாக்கைப் பார்த்து வாங்கிய கேஸ் பெட்டியைக் கழற்ற நண்பர் தயங்கியபோது இதைத்தான் சொன்னேன்.

ஆகவே தீர்ப்பு. சென்னையை ஊராகக் கொண்ட வண்டிக்குக் கேஸ் ஃப்ரிட்ஜ் வேண்டாம், கழற்றுவது சரி. ஊட்டி, கொடைக்கானலிலேயே வாரக்கணக்கில் மட்டமான இடத்தில் தங்குகிறவர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கேஸ் பெட்டியின் இடத்தில் வீட்டு ஃப்ரிட்ஜ் வைப்பது பஸ் அளவு வண்டிக்கும், இரவில் பிளக் பாயின்ட் நிச்சயமாகக் கிடைக்கும் பயணத்துக்கும், ஜெனரேட்டரோடு நிற்கும் கேரவனுக்கும் சரி. அப்போதும் இன்வர்ட்டர் கம்ப்ரசர், சிங்கிள் டோர், கதவுக்குக் கொக்கி. நண்பரின் டிராவலர் போன்ற வண்டிக்கு அது தவறு. அவர் 70 லிட்டர் டிசி பெட்டி வாங்க வேண்டும், மாவை நான்கு கிலோவிலிருந்து இரண்டரைக்குக் குறைக்க வேண்டும். இரண்டாவதை வீட்டில் சொல்லும் பொறுப்பை நான் ஏற்கவில்லை.

கழற்றிய பெட்டியைக் காயலான் கடையில் போடும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள். அந்தக் குழாய்க்குள் இருக்கும் அமோனியாவும் ஹைட்ரஜனும் இருபது மடங்கு காற்றழுத்தத்துக்கு மேல் அடைபட்டிருக்கின்றன. இரும்பு விலைக்காக அதை ரம்பத்தால் அறுக்கிற பையனுக்குக் கண் போய்விடும்.