துள்ளிசையும் நம் திறனாய்வும்

இசைத்தட்டு நிறுவனத்தின் துணையின்றி, மேடையையும் கேட்போர் நாவையுமே நம்பி ஒரு பாடல் நாடெங்கும் பரவுதல் கூடுமோ? கூடும் என்பதற்கு 1960களின் பிற்பகுதியில் ஈழத்தில் எழுந்த துள்ளிசை சான்றாகும். உரும்பிராய் நித்தி கனகரத்தினம் மாணவப் பருவத்திலேயே பாடத் தொடங்கியவர். அவருடைய ‘சின்ன மாமியே’ விழா மேடைகளில் வளர்ந்து, பின்னரே வானொலியையும் இசைத்தட்டையும் அடைந்தது.

இதன் தாளம் பைலாவினின்று பெற்ற கடன் என்பர். உண்மையே, ஆயின் மொழி கடனன்று. யாழ்ப்பாணத்து வீட்டுமுற்றப் பேச்சு திருத்தப்படாமலே பாட்டாயிற்று. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்னும் பாடலோ நீதிநூற் பொருளை நகைச்சுவையோடு உரைத்தது. மணவிழாக்களில் இவை இன்றும் விரும்பிக் கேட்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

குறையும் உண்டு. உடனடிக் கைதட்டலையே ஊதியமாகக் கொண்ட கலை, அதற்கேற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ தமிழகத்தையும் கவர்ந்தது. ஆயினும் பின்வந்தோர் பலர் அதன் துள்ளலைக் கொண்டனரேயன்றித் தம் ஊர்ப்பேச்சைத் தேடினாரல்லர்.

இன்று தம் செலவிலேயே மேடையேறும் இளைஞர் குழுவினர், கேட்போர் தொகையை எண்ணுமுன் தம் பாட்டின் மொழி தமதுதானா என வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்ப வேண்டிய நாமோ, துள்ளிசையை ஆராய்ச்சிக்குப் புறம்பென ஒதுக்கியிருக்கின்றோம். அவ்வொதுக்கம் இனியேனும் நீங்குக.