தேங்காய்க்கு விதி, சாதிக்கு விலக்கு

புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது உபாகமம், 22ஆம் அதிகாரம். எழுப்பாமல் விட்டு யாராவது விழுந்து செத்தால் பழி அவன் வீட்டின்மேல். அயலானை நேசிப்பது என்ற லேவியராகமத்தின் பெரிய கோட்பாடு இங்கே செங்கல் கணக்குக்கு இறங்கிவிடுகிறது. இயேசுவும் விதியை எதிர்த்துப் பரிசேயரோடு மோதவில்லை. புதினாவிலும் சீரகத்திலும் பத்தில் ஒன்றை எண்ணிக் கொடுத்தவர்கள் நீதியைக் கைவிட்டதுதான் அவர் கோபம். பவுல் இன்னும் ஒரு படி தாண்டி, எதை உண்பது என்பதை அவரவர் மனச்சாட்சிக்கும் அடுத்தவர் நலனுக்கும் விட்டார்.

அந்தச் சுதந்திரம் தமிழ் மண்ணில் என்ன ஆனது என்பதற்குத் திருச்சி வட்டாரமே சாட்சி.

பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக வழக்கங்கள்தான், சமயக் குறிகள் அல்ல என்று மதுரை மிஷனின் ராபர்ட் தெ நொபிலி வாதாடினார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்றார். இந்தத் தாராளத்தின் பலன் சிறிதல்ல. கிறிஸ்தவம் தமிழ் உடுத்திப் பேசியது. ‘தேம்பாவணி’ தந்த வீரமாமுனிவர் அந்த மரபில் வந்தவர். ஆனால் ‘சமூக வழக்கம்’ என்ற அதே வாசல் வழியாகச் சாதியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மேல்சாதியாருக்குப் பிராமண சந்நியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று குருக்களே இரண்டு வகையானார்கள்.

இந்தத் தாராளத்துக்கு எதிர்வினையாக வந்தது விதிப் பட்டியல். போப்பின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஆணையிட்டார்: தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, 108 இழைக் கயிறு கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. சேரிக் குடிசைக்குள் போய் நோயாளிக்கு அருட்சாதனம் தர வேண்டும் என்பதும் அதே ஆணையில் இருந்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதிசெய்தபோது குடிசை விஷயத்தில் மட்டும் ஒரு சமரசம் நுழைந்தது: சேரிக்கென்று தனிக் குருக்கள். தேங்காய்க்குக் கிடைக்காத சலுகை சாதிக்குக் கிடைத்தது.

சீர்திருத்தச் சபைகளின் கதையும் வேறல்ல. திருச்சிக் கோட்டையில் 1766இல் ஆலயம் எழுப்பிய மிஷனரி சுவார்ட்ஸின் மரபில் சாதிவாரி இருக்கைகள் தொடர்ந்தன. இதைப் பொறுமையோடு அணுக நினைத்த பேராயர் ஹீபர் 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சியிலேயே இறந்தார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டார்: சாதி உடனே, முழுதாக ஒழிய வேண்டும். தஞ்சையிலும் திருச்சியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பின்னாளில் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் இளக்கம் காட்டியது.

விதியின் பலமும் பலவீனமும் இங்கே தெரிகின்றன. யூதர், கிரேக்கர் என்ற பேதம் கிறிஸ்துவுக்குள் இல்லை என்ற பவுலின் கோட்பாட்டுக்கு வியாக்கியானம் சொல்லித் தப்பிக்கலாம். ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடு என்றால் தப்பிக்க முடியாது. அதே சமயம், கிண்ணத்தைக் கண்காணிக்கும் விதி பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. வெளியேறுகிறவனைக் கட்டிப்போடவும் விதியால் ஆகாது.

திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்த சுவரை இடிக்கச் சொல்லி நம் காலத்திலும் போராட்டம் நடந்தது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அறிக்கை பேசுவது கோட்பாடு. கல்லறை இடம், திருவிழாத் தேர் வரும் தெரு, பங்குப் பேரவைப் பதவி ஆகியவற்றில் எது கூடாது, மீறினால் என்ன நடவடிக்கை என்று ஒவ்வொரு பங்கிலும் எழுதி ஒட்டினால்தான் அது விதியாகும்.