ரம்லியின் இடுப்பு

ஸ்குவாஷ் பார்த்துப் பழகிய பினாங்குக்காரர்களுக்கு, ஆட்டக்காரரின் காலைக் கவனிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு முறை உலகப் பட்டம் வென்ற நம்மூர் நிக்கோல் டேவிட், முன்சுவர் மூலையில் செத்து விழும் பந்தை ஒரே எட்டில் பாய்ந்து எடுப்பார். அடுத்த நொடி நடுக்களத்தில் நிற்பார். கைதட்டல் அந்த அடிக்கு. உழைத்தது என்னவோ தொடையும் இடுப்பும்தான்.

அதே கண்ணோடு நடனக் கலைஞர் ரம்லி இப்ராஹிமைப் பார்க்க வேண்டும்.

1953-இல் காஜாங்கில் பிறந்தவர். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தார். கால் மட்டும் பாலே பக்கம் இழுத்தது. ஆஸ்திரேலிய பாலே பள்ளியில் பயிற்சி, பிறகு சிட்னி டான்ஸ் கம்பெனியில் ஆட்டம். அங்கேயே தங்கியிருந்தால் அது ஒரு சாதாரண வெற்றிக் கதை. அவரோ அடையாறு கே. லட்சுமணனிடம் பரதமும், தேவ பிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்கப் போனார்.

பாலேயிலிருந்து பரதத்துக்குத் தாவுவது சுலபம் என்று தோன்றும். முட்டி மடக்கி நிற்கும் பாலேயின் பிளியேயும் பரதத்தின் அரைமண்டியும் பார்வைக்கு அக்கா தங்கை. இரண்டிலும் தொடை இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், முட்டி பாதத்தின் திசையில் மடங்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். ஆனால் பாலேயில் துள்ளி எழுமுன் உடல் பிளியேயில் இறங்குவது கண நேரம்தான். பரதத்தில் குடித்தனமே அரைமண்டியில். மூன்று காலத்திலும் தட்டி முடிக்கும்வரை தலை ஒரு விரற்கடை மேலே ஏறினாலும் குருவின் தட்டுக்கழி சும்மா இருக்காது.

ஒடிசியோ அடிமடியிலேயே கை வைக்கிறது. கம்பியைப் பிடித்து நிற்கும் முதல் நாளிலிருந்தே பாலே மாணவனுக்குச் சொல்லப்படுவது, இடுப்பை மட்டமாக வை என்பதுதான். ஒடிசியின் திரிபங்கி நிலையோ கழுத்து, இடை, முழங்கால் மூன்றையும் வளைத்து, எடையை ஒரு காலில் இறக்கி நிற்கச் சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்த இடுப்பைத் திறக்க வேண்டும்; அதே சமயம் நிலை தடுமாறவும் கூடாது.

ரம்லி திறந்தார், ஆனால் சாவியைத் தூக்கி எறியவில்லை. ஒற்றைக் காலில் சிலைபோல நிற்கும் இடங்களில் அவருடைய பழைய பாலே முதுகு தெரியும். கைவீச்சு சில சமயம் ஒடிசியின் உருண்டையை மீறி நீள்கிறது என்று குறை சொல்லலாம்தான். எனினும் அந்த நீளம் இல்லாவிட்டால் அது ரம்லி ஆட்டமாக இருக்காது.

1983-இல் கோலாலம்பூரில் சூத்ரா நடன அமைப்பைத் தொடங்கினார். மலாய் முஸ்லிம் ஒருவர் ஜகந்நாதருக்கு ஆடுவதா என்ற முணுமுணுப்புக்கு நடுவே, பல இனப் பிள்ளைகளை ஒடிசி ஆட வைத்தார். 2018-இல் ஆசியான் நாடுகளிலிருந்து பத்துப் பேருக்கு இந்தியா பத்மஸ்ரீ வழங்கியபோது, மலேசியாவின் பெயராக வந்தது ரம்லி.

ஜார்ஜ்டவுனில் சலங்கை கட்டும் பையன்கள் இன்றும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். 'ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா டான்ஸு?' என்று வீட்டில் கேள்வி வரும்போது, அவர்கள் சட்டென்று எடுத்து நீட்டும் பெயர் ரம்லி. அப்பாமார்களும் லேசுப்பட்டவர்களா? அவர் முதலில் இன்ஜினியரிங் முடித்தார் என்பதை மறக்காமல் ஞாபகப்படுத்துகிறார்கள்.